கிளட்ச் இல்லாத கார், வளைவு தெரியாத கியர்

செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் லோடு லாரி ஏறுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வளைவு வருமுன்பே டிரைவர் கிளட்சை மிதித்து கியரைக் குறைத்துவிடுவார். என்ஜின் திணறிய பிறகு குறைத்தால், வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிடும்.

இந்த வேலையைக் காரிடமே ஒப்படைத்தது அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல். 1940 மாடலில் வந்த ஹைட்ரமேட்டிக் என்ற தானியங்கி கியர் அமைப்பில் நான்கு கியர்கள் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்தது எண்ணெய்.

எண்ணெய் எப்படிக் காரை நகர்த்தும்? குற்றாலம் பேரருவியில் தோளைக் கொடுத்தவருக்குப் புரியும். வேகமாக வரும் தண்ணீர் ஆளையே தள்ளும். இங்கே எதிரெதிராக இரண்டு கிண்ணங்கள், உள்ளே இதழ் இதழாகத் தகடுகள். என்ஜின் சுற்றும் கிண்ணம் எண்ணெயை வீச, அது மற்றதில் மோதிச் சுற்றவைக்கும். சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றால், மெதுவாக ஓடும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு போகும், என்ஜின் அணையாது. 1948-இல் பியூக் டைனாஃப்ளோவில் நடுவே இன்னொரு தகட்டு வட்டம் சேர்ந்தது. திரும்பி வரும் எண்ணெயை அது சரியான திசைக்கு மடக்கிவிட, புறப்படும்போது இழுவை கூடியது.

எப்போது கியர் மாற்றுவது? அதையும் எண்ணெயே தீர்மானித்தது. வேகம் ஏற ஏறக் கூடும் அழுத்தம் ஒருபுறம், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடும் அழுத்தம் மறுபுறம். எது ஜெயிக்கிறதோ அதன்படி வால்வு நகரும். பிற்பாடு இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

2014-இல் மாருதி செலெரியோ கொண்டுவந்த ஏஎம்டி வேறு ரகம். இதில் எண்ணெய்க் கிண்ணம் இல்லை. வழக்கமான கியர்பாக்ஸ், வழக்கமான கிளட்ச். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் இயந்திரம். விலை குறைந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் வண்டியின் வேகமும் உங்கள் காலின் அழுத்தமும் தெரிந்த கியர்பாக்ஸுக்கு, முன்னால் வரும் வளைவு தெரியாது. புளியரைக்கு மேலே உள்ள கோட்டைவாசலிலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேலை குறைந்துவிட்டது என்று அது கியரைக் கூட்டவும் செய்யும். அப்புறம் பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். ஆகவே இறக்கத்தில் லிவரை ‘எல்’லுக்கோ, ‘எம்’முக்குத் தள்ளிக் குறைந்த கியருக்கோ கொண்டுவாருங்கள். ஏறின கியரிலேயே இறங்கு என்ற லாரிக்காரர் பாடம் ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்.