டிஸ்க்குக்கு உள்ளே ஒரு பம்ப்

கோடு போட்ட பிரேக் டிஸ்க் ஒரு ஜோடி வாங்கி வந்தவர் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். சாய்வாக ஓடும் கோடுகள், இடையிடையே துளைகள். மாட்டிவிட்டு நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது கோடுகள் முன்னோக்கிப் பாய்வதுபோல் தெரிந்தால் சரி, இல்லையென்றால் இடம் வலம் மாறிவிட்டது என்று ஒரு கணக்கு. பல மெக்கானிக்குகளும் இதையே வைத்திருக்கிறார்கள். கணக்கு தப்பு. திசையுள்ள டிஸ்க்கின் திசை அதன் முகத்தில் இல்லை. இரண்டு முகங்களுக்கும் நடுவிலுள்ள சந்தில் இருக்கிறது.

முன்சக்கர டிஸ்க்கை ஓரத்தில் குனிந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ஒற்றைத் தகடாக இருக்காது. இரண்டு வட்டத் தகடுகள், இடையில் வரிசையாகத் தடுப்புகள். டிஸ்க் சுற்றும்போது நடுப்பகுதியில் காற்று நுழைந்து, தடுப்புகளுக்கு இடையே ஓடி, விளிம்பு வழியாக வெளியே தள்ளப்படும். போகும் வழியில் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்களில் இந்தத் தடுப்புகள் நேராக இருக்கும். ஒரே அச்சில் வார்த்து எந்தப் பக்கமும் மாட்டலாம்; கம்பெனிக்கும் செலவு மிச்சம். அப்படிப்பட்ட கார் உங்களுடையது என்றால் திசையைப் பற்றிய கவலையே வேண்டாம். போர்ஷே போன்ற வேகக் கார்களிலும், பந்தயத்துக்கென்று விற்கும் டிஸ்க்குகளிலும் தடுப்புகள் வளைந்திருக்கும். வளைவு வந்துவிட்டால் இடப்பக்க டிஸ்க் வேறு, வலப்பக்க டிஸ்க் வேறு.

மூன்று ஃபேஸ் மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒயர் இரண்டு இடம் மாறிப்போனால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போதும் தண்ணீர் வரும், ஆனால் நோஞ்சானாக வரும். வளைந்த தடுப்புள்ள டிஸ்க்கும் அந்த மோட்டார் சுழற்றும் பம்ப் இம்பெல்லரின் வேலையைத்தான் காற்றை வைத்துச் செய்கிறது. திருப்பி மாட்டினாலும் பிரேக் பிடிக்கும். தெருவில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. காற்றோட்டம் குறைந்திருப்பது சூடு ஏறும்போதுதான் வெளியே வரும்.

எவ்வளவு சூடு? 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்பதற்குள் சுமார் 580 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் முன்சக்கரங்களின் பங்கு. 8 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் என்றால், ஒரே ஒரு தடவை நிறுத்தியதற்கு அதன் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். ஆற விடாமல் அடுத்தடுத்துப் பிடித்தால் கூடிக்கொண்டே போகும். மலையிறக்கம் இன்னும் மோசம். இதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை நிற்பதற்குச் சமம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதையில் கீழ் கியரில் போகச் சொல்வது இதனால்தான். டாட் 4 வகை பிரேக் ஆயில், புதிதாக இருந்தால் 230 டிகிரி வரையும், ஈரம் உறிஞ்சியிருந்தால் 155 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதற்குமேல் உத்தரவாதம் இல்லை. ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும்.

சரி, எது எந்தப் பக்கம்? டிஸ்க்கைச் சக்கரம் இருக்கும் நிலையில் நிறுத்திப் பிடித்து, உச்சியில் தெரியும் சந்துக்குள் ஓர் ஈர்க்குச்சியை விடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை காரின் பின்பக்கம் சாய்ந்திருந்தால் சரியான டிஸ்க். முன்பக்கம் சாய்ந்தால் அது மறுபக்கத்துக்கு உரியது. முகத்திலுள்ள கோடுகள் எப்படி ஓடுகின்றன என்பதை அப்போது மறந்துவிடுங்கள். அவை பேட் உரசும்போது வரும் வாயுவையும் தூசியையும் ஒதுக்கி விடுவதற்கு. உள்ளே தடுப்புகள் நேராக இருந்து முகத்தில் மட்டும் கோடு சாய்ந்திருந்தால், தயாரிப்பாளர் போட்ட இடம், வலம் குறியைப் பின்பற்றினால் போதும்.

குறியைப் படிப்பதிலும் நமக்கென்று ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டியில் ‘டிரைவர் பக்கம்’ என்று அச்சிட்டிருந்தால் அது இடப்பக்கம். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் கார்களில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். வண்டிக்குள் முன்னோக்கி உட்கார்ந்தபடி இடம், வலம் பார்ப்பதுதான் எங்கும் செல்லும். சில கார்களுக்கு வளைந்த தடுப்புள்ள ஒரே டிஸ்க்கைத்தான் இரு பக்கத்துக்கும் கம்பெனியே கொடுக்கிறது. அப்படியானால் ஒரு பக்கம் தலைகீழாகத்தான் இருக்கும். ஊருக்குள் ஓட்டுபவர் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால், திசையைவிட அதிகமான வேலையைக் கெடுப்பது ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துரு. பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்க்காமல் புதியதை ஏற்றக் கூடாது. ஹப்பில் ஒட்டிய சின்னச் செதில் டிஸ்க்கின் விளிம்பில் இரண்டு மடங்கு ஆட்டமாகத் தெரியும். பல கார்களில் அனுமதிக்கப்படும் ஆட்டம் சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். டயல் கேஜ் இருந்தால், நட்டுகளை இறுக்கி, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து மெல்லச் சுற்றிப் பாருங்கள். அதிகம் ஆடினால் டிஸ்க்கை ஒரு போல்ட் இடம் நகர்த்தி மாட்டி மறுபடி பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். ஆடும் டிஸ்க்கை அப்படியே விட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டீயரிங் அதிரத் தொடங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பந்தயக் கார் பொறியாளர் கரோல் ஸ்மித் இதை மறுத்து எழுதியிருக்கிறார்: பெரும்பாலும் வளைவதில்லை, பேட்டின் பொருள் சீரில்லாமல் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்று.

மற்றவை சுருக்கமாக. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், மற்றச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். டிஸ்க் ஹப்போடு பிடித்துக்கொண்டால் சுத்தியலை எடுக்குமுன் அதன் முகத்தில் மறையுள்ள இரண்டு துளைகள் உண்டா என்று பாருங்கள். பொருத்தமான போல்ட்டை அதில் முறுக்கினால் தானே கழன்று வரும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். இரு பக்கக் காலிப்பரையும் சேர்த்துக் கழற்றியிருந்தால், மாட்டும்போது பிளீடர் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் பக்கம் மாறிவிட்டது. காற்று உள்ளேயே தங்கிவிடும். புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த பிறகு விரல் படாமல் மாட்ட வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து, கார் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

வண்டியை நகர்த்துமுன் பெடலைக் கெட்டியாகும்வரை பல தடவை மிதியுங்கள். காலிப்பருக்குள் பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் மறுபடி பேட்டைத் தொட வேண்டும். இதை மறந்தால் முதல் மிதி தரைவரை போகும். பிறகு ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து மறுபடி வேகம் எடுங்கள். எட்டுப் பத்து முறை போதும், நடுவில் முழுசாக நிறுத்த வேண்டாம். கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விடுங்கள். சூடு தணியுமுன் பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஓர் இடத்தில் மட்டும் பதியும்.