சிறிய கமராவா, பெரிய கமராவா?

ஊரை விட்டு வந்தபோது அல்பங்களைக் கொண்டுவர முடியாதவர்கள் எங்களில் பலர். இங்கு எடுக்கும் படங்களே பிள்ளைகளுக்கு முதுசம். ஆகவே பாவித்த டிஜிட்டல் கமரா வாங்கும்போது மெகாபிக்சலை மட்டும் பார்க்காமல், ஒளியை வாங்கும் சென்சரின் அளவையும் பாருங்கள்.

2003இல் வந்த கனன் டிஜிட்டல் ரெபெல் 6.3 மெகாபிக்சல்தான். ஆனால் அதன் சென்சர் 22.7க்கு 15.1 மில்லிமீற்றர். அக்காலச் சட்டைப்பைக் கமராக்கள் பலவற்றில் சுமார் 5.8க்கு 4.3 மட்டுமே. பரப்பளவில் ஏறக்குறைய 14 மடங்கு வித்தியாசம்.

ஸ்காபரோ மண்டபத்தில், மங்கிய வெளிச்சத்தில் அரங்கேற்றம் எடுத்தால் இது விளங்கும். சிறியதில் படம் புள்ளி புள்ளியாக வரும்; அதன் பிளாஷ் மேடையை எட்டாது. பகலில், பூங்காவில் சிறியதே போதும்.

கணக்காளனாக என் ஆலோசனை: கமராவில் மிச்சம் பிடித்து, 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்சுக்குச் செலவழியுங்கள். படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.