வானத்து இரட்டையர்

திருமணத்தில் மணமக்களுக்கு அருந்ததி காட்டுகிறோம் அல்லவா? அந்த அருந்ததி இருக்கும் சப்தரிஷி மண்டலத்தை ஏப்ரல் முதல் ஜூன் வரை, இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கெடாவின் எந்தத் தோட்டத்திலிருந்தும் வடக்கு வானத்தில் பார்க்கலாம். அதே பகுதியில், வெறும் கண்ணுக்கு எட்டாத ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. பொருள் ஒன்று, தெரிவதோ இரண்டு!

அதன் பெயர் ‘குவேசார்’. கோடானுகோடி விண்மீன்கள் சேர்ந்த திரள் ஒன்றின் நடுவே, இராட்சதக் கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயு வீசுகின்ற பேரொளி அது. அந்த ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகள் பிடித்தன.

ஒன்று எப்படி இரண்டாகத் தெரியும் என்கிறீர்களா? கண்ணாடிக் குவளையின் தடித்த அடிப்பாகத்தின் வழியே விளக்கைப் பாருங்கள். சுடர் வளைந்தும் பிளந்தும் தெரியும். அதுபோல், குவேசாருக்கும் நமக்கும் இடையே நிற்கும் மற்றொரு திரளின் ஈர்ப்பு விசை, ஒளியை வளைத்து இரண்டு வழிகளில் அனுப்புகிறது. இதை ‘ஈர்ப்பு வில்லை’ என்பார்கள். இத்தகைய முதல் ஜோடி 1979ல் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்து கண்டறியப்பட்டது. அதுவும் இதே சப்தரிஷி மண்டலத்தில்தான்.

நம் ஜோடியைக் கண்டது ஸ்லோன் வானாய்வு. பால்வெட்டுத் தொழிலாளி நிரையில் ஒரு மரத்தையும் விடாமல் பார்த்துச் செல்வதுபோல், அதன் தொலைநோக்கி வானத்தைப் பகுதி பகுதியாகப் படம்பிடித்தது. அப்படங்களில் ஒட்டி நிற்கும் புள்ளிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பக்கத்தில் நின்றால் போதுமா? ஒவ்வொன்றின் ஒளியையும் வானவில்போல் நிறம் நிறமாகப் பிரித்தார்கள். அந்த நிறமாலை கைரேகை மாதிரி. ரேகை ஒத்திருந்து, இடையே ஒரு திரளும் தென்பட்டால்தான் இரட்டையர் என்று நம்பலாம். இந்த ஜோடி தேறியது, 2005ல் அறிவித்தார்கள்.

அடுத்தது காத்திருக்கும் வேலை. அலோர் ஸ்டாரிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும் இரு பேருந்துகளில் ஒன்று நெடுஞ்சாலையிலும் மற்றொன்று பழைய சாலையிலும் வந்தால், சுங்கைப்பட்டாணிக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். குவேசார் மங்குவதும் பிரகாசிப்பதும் ஒரு பிம்பத்தில் முதலில் தெரியும்; மறு பிம்பத்தில் பிறகுதான் தெரியும். எத்தனை நாள் கழித்து? மார்ச் 2005 முதல் ஜூலை 2011 வரை 443 தடவை அளந்து, 2013ல் விடை சொன்னார்கள்: சுமார் 119 நாட்கள்!

அளந்த மூன்று தொலைநோக்கிகளில் ஒன்று, லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள சந்திரா தொலைநோக்கி. 1983ல் நோபல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

இதனால் என்ன பயன்? பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதை இந்தத் தாமதத்தைக் கொண்டு கணக்கிடலாம். வேறு இரு வழிகளில் அளந்தவர்களின் கணக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை. இரட்டைக் குவேசார்கள் மூன்றாவது சாட்சி.

ஈர்ப்பு வில்லைகளைத் தேட 2013ல் தொடங்கிய ‘ஸ்பேஸ் வார்ப்ஸ்’ திட்டத்தில், சுமார் 37,000 பொதுமக்கள் கணினியில் வானப் படங்களைப் பார்த்து, நம்பத்தக்க 29 புதிய வில்லைகளைக் காட்டிக்கொடுத்தார்கள். கூர்ந்த கண்ணும் பொறுமையுமே அவர்கள் கொண்டுவந்த முதல். அவை நம் பிள்ளைகளிடம் இல்லாமலா போகும்? வானத்தைக் காட்டி, “அது என்ன?” என்று பிள்ளை கேட்டால், “போய்ப் படி” என்று விரட்டாதீர்கள். அந்தக் கேள்வியே படிப்புதான்.