விநாடிக்குப் பத்து லட்சம் முறை ‘நீ யார்?’

கணக்குக்காக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து அதற்கு விநாடிக்கு 1,00,000 கோரிக்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் விடை சொல்ல, உள்ளே பில் போடும் சேவை, கையிருப்பு பார்க்கும் சேவை, முகவரி தரும் சேவை என்று பல, ஒன்றையொன்று சராசரியாக 10 முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆக, உள்ளுக்குள் விநாடிக்கு 10,00,000 அழைப்புகள். நாளொன்றுக்கு 8,640 கோடி. ஒவ்வோர் அழைப்பிலும் எதிர்முனை இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். கூப்பிடுவது யார்? கேட்பதைத் தரலாமா? இந்த இரண்டு கேள்விக்கும் ஆகும் செலவைத்தான் இங்கே பேரேட்டில் ஏற்றப்போகிறேன். நிறுவனமும் அதன் அளவுகளும் நான் வைத்துக்கொண்டவை. மற்ற எண்கள் உரியவர்களே வெளியிட்டவை, அல்லது அவற்றைப் பெருக்கி வகுத்து வந்தவை.

எல்லாக் கேள்விகளையும் ஒரே மையச் சேவையிடம் கேட்பது முதல் வழி. ஒரு கேள்விக்கு 2 மில்லிவிநாடி ஆகிறது என்றால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் 2,000 கேள்விகள் விடைக்காக நிற்கும். அது பெரிதல்ல. அழைப்புகள் 5 அடுக்காகப் போனால் வாடிக்கையாளர் கூடுதலாக 10 மில்லிவிநாடி காத்திருப்பார், அதையும் தாங்கலாம். தாங்க முடியாதது, மையம் ஒரு நிமிடம் படுத்துவிட்டால் 6 கோடி அழைப்புகள் விடையின்றித் திரும்புவது.

அதனால்தான் கையொப்பமிட்ட டோக்கன் வந்தது. மையம் ஒரு முறை டோக்கன் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடும். வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும், எதிர்முனை மையத்தைக் கேட்காமல் பொதுச் சாவியைக் கொண்டு தானே சரிபார்த்துக்கொள்ளும்.

இந்தச் சரிபார்ப்புக்கு எவ்வளவு ஆகும்? பலரும் பயப்படுவது இதற்குத்தான். பயப்படத் தேவையில்லாததும் இதுவே. இன்றைய சர்வர் சிப்பின் ஒரு கோர், 2,048 பிட் ஆர்எஸ்ஏ கையொப்பங்களை விநாடிக்குச் சுமார் 30,000 வரை சரிபார்க்கும். நம் 10 லட்சத்துக்கு 33 கோர் போதும். ஒவ்வோர் அழைப்பின் உண்மையான வேலைக்கு 1 மில்லிவிநாடி சிபியு நேரம் என்று வைத்தால், அந்த வேலைக்கே 1,000 கோர் வேண்டும்; சரிபார்ப்பின் பங்கு 3.3 சதவீதம். நீள்வளைய முறையான இசிடிஎஸ்ஏவுக்கு மாறினால் சரிபார்ப்பு விநாடிக்குப் பத்தாயிரத்தை ஒட்டி இறங்கும். 100 கோர் ஆகும். ஆனால் ஆர்எஸ்ஏவில் கையொப்பம் போடும் பக்கம்தான் கனமானது: ஒரு கோருக்கு விநாடிக்கு 1,500 அளவில்தான் நடக்கும். இந்த 1,500 என்ற எண்ணுக்குப் பின்னர் ஒருமுறை திரும்பி வருவேன்.

எச்மேக் முறை இவற்றையெல்லாம்விட மலிவு. கையொப்பம் 32 பைட், வேகமோ பல மடங்கு. ஆனால் அதில் சரிபார்க்கவும் போடவும் ஒரே சாவி. சரிபார்க்கத் தெரிந்த ஒவ்வொரு சேவைக்கும் பொய்க் கையொப்பம் போடவும் தெரிந்துவிடும். அமேசான் கிளவுட் தன் ‘சிக்னேச்சர் வெர்ஷன் 4’ முறையில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது: மூலச் சாவியிலிருந்து தேதி, வட்டாரம், சேவை என்ற மூன்றையும் கலந்து ஒரு கிளைச் சாவியை வருவிக்கிறது. கிளைச் சாவி வெளியே போனாலும் அந்த நாளுக்கும் வட்டாரத்துக்கும் சேவைக்கும் வெளியே அதற்கு மதிப்பில்லை.

அடுத்த பற்று, கம்பியில் ஓடும் எடை. ஒரு டோக்கன் 1,000 பைட் என்று கொள்வோம். அதில் 256 பைட் ஆர்எஸ்ஏ கையொப்பம் எழுத்துருவில் 342 எழுத்தாக உட்கார்ந்திருக்கும். விநாடிக்கு 10 லட்சம் டோக்கன் என்றால் 1 ஜிகாபைட்; நாளுக்கு 86.4 டெராபைட். அடையாளச் சீட்டு மட்டுமே இவ்வளவு. எச்டிடிபி 2-இல் இதைக் குறைக்க வழி உண்டு: டோக்கனைச் சுமக்கும் ஹெடர் ஒரே இணைப்பில் மறுபடி அப்படியே போனால் முழுதாக அனுப்பாமல் ஓரிரு பைட் குறியெண்ணை மட்டும் அனுப்பும். ஆனால் அந்த நினைவு அட்டவணைக்கு வழக்கமான அளவு 4,096 பைட். ஒவ்வொரு பதிவுக்கும் 32 பைட் மேல்செலவும் சேரும். 1,000 பைட் டோக்கன் மூன்றுதான் அதில் இருக்கும். நாலாவது வந்தால் பழையது ஒன்று வெளியேறும். இறுதி வாடிக்கையாளருக்கு ஒரு டோக்கன், சேவைக்கு ஒரு டோக்கன் என்று ஒரே இணைப்பில் ஆயிரம் பேரின் டோக்கன்களைக் கலந்து அனுப்பினால் இந்தச் சிக்கனம் கையில் நிற்காது. சேவையின் அடையாளத்தைச் சான்றிதழாக்கி, இணைப்பு தொடங்கும்போதே ஒரே ஒரு முறை காட்டிவிடுவது இதைவிட நல்ல கணக்கு.

இதுவரை எழுதியவை சிறு செலவுகள். ஆயுள் என்ற தலைப்புக்கு வந்ததும் பேரேடு கனமாகிறது.

நம் நிறுவனத்தில் 20,000 செயலிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 10 சேவைகளோடு பேச 10 டோக்கன் வைத்திருக்கிறது. புழக்கத்தில் 2,00,000 டோக்கன். ஆயுள் 24 மணி என்றால் மையம் விநாடிக்கு 2.3 டோக்கன் எழுதினால் போதும். 1 மணி என்றால் 56. 15 நிமிடம் என்றால் 222. 5 நிமிடம் என்றால் 667. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், திருடிய டோக்கனை வைத்துக்கொண்டு ஒருவன் விநாடிக்கு 100 கோரிக்கை அனுப்புகிறான் என்று வையுங்கள். 24 மணி டோக்கன் அவனுக்கு 86.4 லட்சம் கோரிக்கைகளைத் தரும்; 1 மணி டோக்கன் 3.6 லட்சம், 5 நிமிட டோக்கன் 30,000. இங்கே கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எம்ஐடியின் அதீனா திட்டத்தில் 1980களில் பிறந்த கெர்பரோஸ், இரு முனைக் கடிகாரங்களுக்கு இடையே 5 நிமிட விலகலை வழக்கமாக அனுமதிக்கிறது. அதே தாராளத்தோடு 5 நிமிட டோக்கனைச் சரிபார்த்தால், அது உண்மையில் 10 நிமிடம் உயிரோடிருக்கும். 667 டோக்கன் எழுதும் செலவைச் செய்துவிட்டு, பாதிப் பாதுகாப்பைத்தான் வாங்கியிருக்கிறோம்.

நீண்ட ஆயுள் கொடுத்து, நடுவில் ‘இன்னும் செல்லுமா?’ என்று கேட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்தக் கேள்விக்கு என்ன விலை என்பதை லெட்ஸ் என்கிரிப்ட் காட்டியிருக்கிறது. இலவசமாக இணையச் சான்றிதழ் தரும் அந்த அமைப்பு, சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லும் ஓசிஎஸ்பி சேவையை 2025 ஆகஸ்டில் நிறுத்தியது. நிறுத்தும் முன் உச்சத்தில் மாதம் சுமார் 34,000 கோடி கேள்விகள்; விநாடிக்கு 1,40,000-க்கு மேல். அதில் விநாடிக்கு 15,000 அவர்களுடைய சொந்த சர்வர்கள் வரை வந்தன. நிறுத்தியதற்கு அவர்கள் முதன்மையாகச் சொன்ன காரணம் இணையத்தில் உலவுபவர்களின் அந்தரங்கம்; அத்தனை கேள்விக்கும் விடை சொல்லும் சுமையும் அதோடு தீர்ந்தது. 90 நாள் சான்றிதழோடு, 160 மணி நேரமே செல்லும் சான்றிதழையும் அதே 2025-இல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சேவைகளுக்கு அடையாளம் வழங்கும் ஸ்பையர் என்ற திறந்த மென்பொருள் இன்னும் கண்டிப்பானது. அதன் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுள் 1 மணி. பாதி ஆயுளிலேயே புதுப்பித்துவிடும். நம் 20,000 செயலிகளுக்கு நாளொன்றுக்கு 9,60,000 சான்றிதழ். ஆண்டுக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 55 போதும். ஆனால் நாளுக்கு 55 என்றால் அதை மனிதர் கையால் செய்வார், ஒரு நாள் மறப்பார். 9,60,000-ஐ யாரும் கையால் செய்ய முடியாது. அதனால் மறதிக்கும் வழியில்லை. நான் அந்தப் பெரிய எண்ணின் பக்கம்தான் நிற்பேன்.

‘யார்’ என்பது தெரிந்துவிட்டது. ‘தரலாமா’ என்பதை டோக்கனில் எழுதி அனுப்ப முடியாது, ஏனென்றால் அனுமதி நொடிக்கு நொடி மாறும். இந்தக் கணக்கில் நம்மிடம் உள்ள மிகச் சிறந்த பொது ஆவணம், கூகுள் 2019-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வெளியிட்ட ஜான்ஜிபார் கட்டுரை. டிரைவ், காலண்டர், போட்டோஸ், யூடியூப் எல்லாவற்றுக்கும் ‘இவர் இதைப் பார்க்கலாமா’ என்று விடை சொல்வது ஜான்ஜிபார்தான். அதில் 2 லட்சம் கோடி அனுமதிப் பதிவுகள்; மொத்த எடை 100 டெராபைட்டை ஒட்டி. வகுத்தால் ஒரு அனுமதிக்கு 50 பைட். ‘இன்னார் இந்தக் கோப்பைப் படிக்கலாம்’ என்பதற்கு அவ்வளவு இடமே போதும்! விநாடிக்கு 1 கோடிக்கு மேல் கேள்விகள், 10,000-க்கு மேல் சர்வர்கள். ஒரு சர்வருக்கு விநாடிக்கு 1,000. அந்த விகிதத்தில் நம் 10 லட்சம் அழைப்புக்கும் அனுமதி கேட்டால் 1,000 சர்வர் வேண்டும். கையொப்பச் சரிபார்ப்புக்கு 33 கோர் என்று பார்த்தோம். அனுமதிக்கு 1,000 இயந்திரம். செலவு எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடுகின்றன.

ஏன் இவ்வளவு? 2018 டிசம்பரில் ஒரு வார அளவீட்டில் உச்ச நேரத்தில் அனுமதிச் சோதனை விநாடிக்கு 42 லட்சம், பதிவு வாசிப்பு 82 லட்சம், புதிதாக எழுதுவது வெறும் 25,000. ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 500 வாசிப்பு. இப்படிப்பட்ட சரக்கைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கேஷில் வைத்துவிடலாம் என்று கை துடிக்கும். ஆனால் அனுமதிக்குப் பழைய பிரதி ஆபத்து. ஒருவரை ஒரு கோப்பிலிருந்து நீக்குகிறீர்கள். நீக்கிய பின் அதில் புதிதாக ஒரு பத்தி எழுதுகிறீர்கள். பழைய அனுமதிப் பட்டியலை வைத்துப் புதிய பத்தியைக் காட்டிவிட்டால் நீக்கியதற்கு அர்த்தமே இல்லை. ஜான்ஜிபார் இதற்கு ‘ஜூக்கி’ என்ற நேரக்குறியைக் கோப்போடு சேர்த்தே வைக்கிறது: இந்த நேரத்துக்கு முந்தைய பட்டியலை வைத்து விடை சொல்லாதே என்று அர்த்தம். கேட்கப்படும் நேரக்குறி 10 விநாடிக்கு மேல் பழையதாக இருந்தால், பக்கத்திலிருக்கும் பிரதியே விடை சொல்லிவிடலாம். பெரும்பாலான கேள்விகள் இந்த வகைதான். இதனால் 100-க்கு 95 சோதனைகள் 10 மில்லிவிநாடிக்குள் முடிகின்றன. மூன்று ஆண்டுகள் 99.999 சதவீதத்துக்குக் குறையாமல் ஓடியிருக்கிறது. ஆண்டுக்கு ஐந்தேகால் நிமிடத்துக்கு மேல் தவறவில்லை என்று பொருள்.

இனி, பட்ஜெட்டில் யாரும் எழுதாத செலவு. 2025 மே 29 அன்று கூகுள் கிளவுட்டின் சர்வீஸ் கன்ட்ரோல் என்ற சேவையில் ஒதுக்கீட்டுச் சோதனை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஏபிஐ கோரிக்கைக்கும் அனுமதியும் ஒதுக்கீடும் உண்டா என்று பார்ப்பது அந்தச் சேவை. ஜூன் 12 காலை, பசிபிக் நேரம் 10:45 அளவில், வெற்றுப் புலங்கள் கொண்ட கொள்கைப் பதிவு ஒன்று உள்ளே போனது. சில விநாடிகளில் அது உலகம் முழுவதும் பிரதியானது. படித்த இடமெல்லாம் சேவை விழுந்தது. 10 நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 40 நிமிடத்தில் அந்தச் சோதனையை எங்கும் நிறுத்திவிட்டார்கள். அப்படியும் யுஎஸ்-சென்ட்ரல்1 என்ற பெரிய வட்டாரம் எழுந்து நிற்க 2 மணி 40 நிமிடம் வரை ஆனது. காரணம் பழுதல்ல, எழுச்சி. அங்கே விழுந்த சர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, கீழே இருந்த ஸ்பேனர் தரவுத்தளத்தை ஒரே நேரத்தில் கேட்டன. விட்டுவிட்டு, தாறுமாறான இடைவெளியில் கேட்கும்படி அவற்றுக்குச் சொல்லிவைக்கப்படவில்லை. திறந்த கதவில் தேர்த் திருவிழாக் கூட்டம் மொத்தமும் நுழையப் பார்த்தது போல.

நம் நிறுவனத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். டோக்கன் ஆயுள் 1 மணி, விநாடிக்கு 56 போதும். ஆர்எஸ்ஏவில் ஒரே ஒரு கோர் 1,500 எழுதும். தாராளமாக 2,000 எழுதும் மையம் கட்டுகிறோம். மின்தடை ஒன்றுக்குப் பின் 20,000 செயலிகளும் 10 விநாடிக்குள் எழுகின்றன. தேவை விநாடிக்கு 20,000. வழக்கத்தைப் போல 360 மடங்கு. வரிசையில் 2,00,000 கோரிக்கை; விநாடிக்கு 2,000 வீதம் முடிக்க 100 விநாடி ஆகும். ஆனால் செயலி 1 விநாடி பார்த்துவிட்டு விடை வராவிட்டால் மறுபடி கேட்கும். மையம் அப்போது எழுதிக்கொண்டிருப்பது, கேட்டவர் கைவிட்டுப் போன பழைய கோரிக்கைக்கான டோக்கனை. எழுதும் வேகம் குறையவில்லை; எழுதியதில் யாருக்கும் பயனில்லை. 100 விநாடியில் தீர வேண்டிய வரிசை தீராமலே நிற்கும்.

இதற்கான மருந்துக்குப் பணமே தேவையில்லை. மறுமுயற்சியின் இடைவெளியை 1, 2, 4, 8 என்று இரட்டித்து 64 விநாடி வரை கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கிய ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. புதுப்பிப்பையும் ஆயுளின் 50 முதல் 80 சதவீதத்துக்குள் எங்காவது நடத்துவது. 1 மணி டோக்கனுக்கு அது 18 நிமிட அகலம், ஒரே நேரத்தில் பிறந்த 2,00,000 டோக்கனும் விநாடிக்கு 185 என்று பிரிந்துவிடும். மையத்தின் அளவை 56-ஐ வைத்து முடிவு செய்யாமல், எல்லோரும் ஒன்றாக எழும் நாளை வைத்து முடிவு செய்வது. நான் டோக்கன் ஆயுளை 15 நிமிடம் என்று வைப்பேன். பழைய டோக்கனைக் கூடுதலாகச் சில நிமிடம் ஏற்கும் அவசரக் கட்டளை ஒன்றையும் முன்பே எழுதி, அதை ஒரு முறையாவது இயக்கிப் பார்ப்பேன்.

ஒரு வருங்காலச் செலவு பாக்கி. குவாண்டம் கணினிக்கும் அசையாத கையொப்பமாக அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் எம்எல்-டிஎஸ்ஏ முறையை அறிவித்தது. அதன் நடுத்தர வகையில் ஒரு கையொப்பம் 3,309 பைட், எழுத்துருவில் 4,412. அந்த 4,096 பைட் நினைவு அட்டவணையில் கையொப்பம் ஒன்றுகூட அடங்காது. நம் 1,000 பைட் டோக்கன் 5,070 பைட்டாகும், நாளின் 86.4 டெராபைட், 438 ஆகும். ஆனால் 15 நிமிடத்தில் செத்துவிடும் டோக்கனின் கையொப்பத்தை 2040-இல் ஒருவன் உடைத்து என்ன செய்வான்? இன்று பதிவுசெய்து வைத்து நாளை உடைக்கும் ஆபத்து இணைப்பின் மறையாக்கத்துக்குத்தான். அதை முதலில் மாற்றலாம். டோக்கனின் 438 டெராபைட்டை இந்த ஆண்டுக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.