நெல்லின் வழித்தடம் – 9: பதுளை உயரத்தில் ஒரு நாற்றங்கால்

தாய்வானின் தாய்பே நகருக்கு மேலே, யாங்மிங் மலையில் ட்சூட்சுஹூ என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 670 மீற்றர்; நமது பதுளை நகரமும் கிட்டத்தட்ட அதே உயரந்தான். 1920களின் தொடக்கத்தில், ஜப்பானிய நெல்லை வெப்ப நாட்டுக்குப் பழக்க முயன்றவர்கள் அதற்கான விதைவயலை அங்கேதான் அமைத்தார்கள்.

தாய்வானின் சமவெளியில் அந்த நெல் முதலில் தோற்றது; அதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. நெல் பகலின் நீளத்தை உணர்ந்து பூக்கும் பயிர். தோக்கியோவில் ஜூன் மாதப் பகல் பதினான்கரை மணி நேரம். அந்த நெடும்பகலில் தூர் கட்டி, பகல் குறுகும்போது கதிர் தள்ளுவது ஜப்பானிய நெல்லின் சுபாவம். குறும்பகல் நாட்டில் நட்டால் வளர்வதற்கு முன்பே பூத்துவிடும். தூரும் இல்லை, மணியும் இல்லை. ஊவாவிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. வெலிமடையின் குளிரில் ஜப்பான் நெல் தானாக விளைந்துவிடாதா என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலை வெப்பத்தைத் தணிக்கும், பகலை நீட்டாது.

தாய்வானில் இந்த முயற்சியில் இறங்கிய இஸோ எய்கிச்சியும் சுவேனாகா மெகுமுவும் முதலில் நாற்றின் வயதைக் குறைத்து, இளநாற்றாகப் பிடுங்கி நட்டுப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. பிறகு இரண்டு ஜப்பானிய ரகங்களை ஒட்டுச்சேர்த்து, 1929இல் தைச்சூங் 65 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அதில் பூக்கும் காலத்தை ஆளும் இரண்டு மரபணுக்கள் செயலிழந்திருக்கின்றன என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது. குறும்பகலிலும் அது அவசரப்படாமல் வளர்ந்ததன் இரகசியம் அதுதான்.

அடுத்த கட்டம் இந்தியாவின் கட்டாக்கில். தமிழரான நெல் ஆராய்ச்சியாளர் கே. ராமையாவின் யோசனையில், ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் துணையுடன், 1950களில் ஜப்பானிய நெல்லையும் நமது பக்கத்து நெல்லையும் கலக்கும் திட்டம் அங்கே நடந்தது. இந்த இரண்டு குலங்களும் எளிதில் சேர்வதில்லை; கலப்புச் சந்ததியில் பதரே மிகுதி. எத்தனையோ நூறு கலப்புகளில் வயலுக்கு வந்து நிலைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தஞ்சைக் குறுவைக்கென ஆடுதுறையில் தேர்ந்தெடுத்த ஏ.டி.டி. 27 ஒன்று. மலாயாவில் தேர்ந்தெடுத்த மசூரி இன்னொன்று. தைச்சூங் 65இன் இரத்தம் ஓடும் அந்த மசூரிதான் தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னியானது! கலப்பு கட்டாக்கில் நடந்தாலும், எது பிழைக்கும் என்று தீர்ப்புச் சொன்னவை ஆடுதுறையின் சேறும் மலாயாவின் சேறுந்தான். இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுவே.

இலங்கை வேறு வழியில் போனது. பத்தலகொடையில் நமது முருங்கைக்காயனை இந்தோனேசிய ‘மாஸ்’ நெல்லுடன் சேர்த்து, 1958இல் எச்-4ஐத் தந்தார்கள். நாட்டின் விளைச்சலையே உயர்த்திய ரகம் அது. அதைக் குறைசொல்ல இடமில்லை.

தேயிலைத் தோட்டங்களின் கதையோ வேறு. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசியை நிறுத்துக் கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். பசறையிலும் ஹாலி-எலயிலும் தேயிலை மலைக்குக் கீழே படிவயல்கள் தெரிந்தாலும், லயத்து மக்களுக்கு அங்கே ஒரு வரப்புகூடச் சொந்தமில்லை. சோறே பிரதான உணவாக உள்ள ஒரு சமூகத்துக்கு எந்த நெல் வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பே தரப்படவில்லை. இது எனக்கு ஆறாத வேதனை.

ஊவாவின் மேட்டு வயலுக்கு இன்று இரண்டு தொல்லைகள். பனிமூட்டத்தில் பரவும் எரிபந்த நோய் ஒன்று. பெரும்போக நெல்லின் குடலைப் பருவம் ஜனவரிக் குளிரில் அகப்பட்டால் மகரந்தம் மலடாகிக் கதிர் பதராவது மற்றொன்று. இரண்டாவது தொல்லைக்கு ஜப்பானிய நெல்லிடம் மருந்து உண்டு. குளிரைத் தாங்கி மணி பிடிக்கும் குணம் அதன் பிறவிச் சொத்து. முழு நெல்லையும் கொண்டுவரத் தேவையில்லை, அந்தக் குணத்தை மட்டும் நமது ரகங்களுக்குள் இறக்கினால் போதும். ஆனால் அந்தச் சந்ததிகளைச் சலித்தெடுக்கும் வேலையைக் பத்தலகொடை வெயிலில் செய்யக்கூடாது. வெலிமடைப் படிவயலில், பெரும்போகத்தில், பயிரிடுபவர்களும் கூட நின்று பார்க்கச் செய்ய வேண்டும்.