காயலான் கடைக்குப் போடும் முன்: பழைய மடிக்கணினியும் லினக்ஸும்

சில வாரங்களுக்கு முன், திருவல்லிக்கேணியில் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாசலில் ஒரு தாய் நமக்காகக் காத்திருந்தார். கையில் துணிப்பை, அதற்குள் ஒரு பழைய மடிக்கணினி. மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்தது. இப்போது இளைய மகள் பி.காம். முதலாமாண்டு.

"ஹஜ்ரத், கடையில காட்டினேன். ஐநூறு ரூபா கொடுத்தா விண்டோஸ் போட்டுத் தர்றாங்களாம். ஆனா அது ஒரிஜினல் இல்லையாம். அப்படிப் போடலாமா, கூடாதா? புதுசு வாங்கணும்னா தவணையிலதான் வாங்கணும். அதுல வட்டி வருது."

ஒரு பக்கம் வட்டி, மறுபக்கம் கள்ளப் பிரதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாணவியின் படிப்பு. இது அந்தத் தாயின் கேள்வி மட்டுமல்ல. நம்மில் பலருடைய வீட்டு அலமாரியில் இப்படியொரு கணினி தூசி படிந்து கிடக்கிறது. ஆகவே அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

அந்தக் கணினிக்குள் ஏற்கனவே இருந்தது

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில் தொடங்கப்பட்டது. லட்சக்கணக்கான மாணவர்களின் கைக்கு எல்காட் நிறுவனம் வழியாகக் கணினிகள் வந்தன. அவற்றைத் திறந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். இயக்கியதும் கறுப்புத் திரையில், விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பெரும்பாலோர் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றொன்று என்னவென்று பார்த்தவர்கள் குறைவு.

பாஸ் என்பது சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில் உருவான இந்திய லினக்ஸ் இயங்குதளம். அதாவது, வட்டியும் இல்லாத, கள்ளப் பிரதியும் இல்லாத ஒரு வழி அந்தக் கணினிக்குள்ளேயே முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை. அன்று வந்த பாஸ் பதிப்பு இன்று பழசாகிவிட்டது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த புதிய, எடை குறைந்த லினக்ஸ்கள் பல உள்ளன.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான இலவச வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும். அதோடு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். பத்தாண்டுக்கு மேற்பட்ட மடிக்கணினியில் இவை இருக்காது. எனவே பலரும் "இனி காயலான் கடைதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கணினி கெட்டுப்போகவில்லை, சுமை கூடிவிட்டது

பழைய கணினி மெதுவாவதற்குப் பெரும்பாலும் காரணம் இயந்திரம் தேய்ந்தது அல்ல. ரேம் என்பதை வேலை செய்யும் மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் என்பது பீரோ. மேசை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு தாளையும் பீரோவில் வைத்து, எடுத்து, மீண்டும் வைக்க வேண்டியிருக்கும். இயங்குதளமே மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டால் நம் வேலைக்கு இடம் ஏது?

2 ஜிபி ரேம் உள்ள கணினியில் இன்றைய விண்டோஸ் எழுந்து நிற்பதற்கே பெரும்பகுதி போய்விடும். எடை குறைந்த லினக்ஸ், திரை வந்து நின்றபின் அரை ஜிபியோ அதற்குச் சற்றுக் கூடுதலோதான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் நம் வேலைக்கு. அழகுக்கான அசைவுகளும் பின்னணியில் ஓடும் சேவைகளும் குறைவு. வேகத்தின் ரகசியம் இதுதான்.

"காப்பி போட்டால் என்ன தவறு?"

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மதரஸா முடித்துக் கல்லூரியில் பட்டப்படிப்பு படித்த நாட்களில் நாமும் கள்ளப் பிரதி விண்டோஸில்தான் கட்டுரைகள் தட்டச்சு செய்தோம். "எல்லோரும் செய்கிறார்கள்" என்பதே அன்று நமக்குப் போதுமான ஆதாரமாக இருந்தது!

மென்பொருள் உரிமை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. கையில் பிடிக்க முடியாத ஒன்று எப்படிச் சொத்தாகும் என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை மதிப்புள்ள உரிமைகள், ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக்கூடாது என்று முடிவு செய்தது. இந்திய காப்புரிமைச் சட்டமும் மென்பொருளைப் பாதுகாக்கிறது. அனுமதியின்றி எடுக்காதே என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. அதோடு, பூட்டை உடைக்கப் பயன்படும் ஆக்டிவேட்டர்களோடு வைரஸ்களும் வருவது வழக்கம். அதே கணினியில்தான் நாம் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

லினக்ஸில் இந்தச் சிக்கலே இல்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய இதன் கருவைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பிறருக்குப் பிரதி எடுத்தும் கொடுக்கலாம் என்று அதன் உரிமமே சொல்கிறது. தமிழில் இத்தகையவற்றைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். செயல் ஒன்றுதான்: அதே பென்டிரைவ், அதே அரை மணி நேரம். ஒன்றில் உரிமையாளரின் அனுமதி இல்லை, மற்றொன்றில் இருக்கிறது. ஹலால், ஹராமின் கோடு பல விஷயங்களில் இந்த இடத்தில்தான் ஓடுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸ் பல பெயர்களில் கிடைக்கிறது. குழம்ப வேண்டாம். கணினியின் ரேம் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

4 ஜிபி ரேம் இருந்தால்: லினக்ஸ் மின்ட் (எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பு). விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

2 ஜிபி இருந்தால்: லுபுண்டு. அதில் 'எல்.டி.எஸ்' என்று குறித்த பதிப்பை எடுங்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்கும்.

1 ஜிபி அல்லது அதற்கும் குறைவென்றால்: ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ். பப்பி ஹார்டு டிஸ்க்கே இல்லாமல் பென்டிரைவிலிருந்து ரேமில் ஏறி ஓடும். இவை இரண்டும் சற்று எளிமையான தோற்றம் கொண்டவை, பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

லினக்ஸ் மின்டும் லுபுண்டுவும் இன்று 64-பிட் கணினிகளுக்கு மட்டுமே புதிய பதிப்புகளை வெளியிடுகின்றன. மிகப் பழைய 32-பிட் கணினி என்றால் ஆன்டிஎக்ஸ் பக்கம்தான் போக வேண்டும்.

முஸ்லிம்களுக்கென்றே முன்பு 'சபீலி' என்றொரு லினக்ஸ் இருந்தது. தொழுகை நேரம், குர்ஆன் மென்பொருள் எல்லாம் சேர்ந்து வந்தது. அதன் வளர்ச்சி நின்று பல ஆண்டுகளாகிவிட்டது. எங்காவது கிடைத்தாலும் நிறுவ வேண்டாம். புதுப்பிப்பு இல்லாத இயங்குதளம் பூட்டில்லாத வீடு.

நிறுவும் முறை

1. முதலில் புகைப்படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

2. வேறொரு கணினியில், அந்த லினக்ஸின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் ஐ.எஸ்.ஓ கோப்பை இறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற இலவசக் கருவியால் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும்.

3. பென்டிரைவைச் செருகி, கணினியை இயக்கியதும் எஃப்12 விசையை விட்டுவிட்டு அழுத்துங்கள். சில நிறுவனக் கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

4. உடனே நிறுவ வேண்டாம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. வைஃபை, ஒலி, கேமரா, தொடுதிட்டு நான்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அதுவரை உங்கள் டிஸ்க்கில் எதுவும் மாறாது.

5. திருப்தியானால் நிறுவுங்கள். 'டிஸ்க் முழுவதையும் அழி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய கணினிகளில் ஒரு சிறு கோளாறு பலரைத் திணறடிக்கும். உள்ளே இருக்கும் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது இணையதளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லித் திறக்க மறுக்கும். கணினி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். தேதியைச் சரிசெய்தாலே போதும். பேட்டரியை மாற்றினால் நிரந்தரத் தீர்வு.

கையில் சிறிது பணம் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி வாங்கிப் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டுங்கள். ரேமும் ஒன்று கூட்டினால் இன்னும் நல்லது. உங்கள் மாடலுக்கு எந்த வகை ரேம் என்று கணினியைக் கையோடு கொண்டுபோய்க் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். ஐபஸ் என்ற கருவியில் தமிழ்99 முறையும், ஆங்கில ஒலிப்பு முறையும் உண்டு. அரபி, உருது விசைப்பலகைகளையும் அமைப்புப் பகுதியில் சேர்க்கலாம். மக்தப் பாடங்களுக்கு 'அமீரி' என்ற கட்டற்ற அரபி எழுத்துரு மிக அழகானது. கடிதம், கணக்குத் தாள், விளக்கப்படம் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆஃபிஸ், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், காணொளிக்கு வி.எல்.சி. அனைத்தும் இலவசம், அனுமதியுடன்.

எதற்கு உதவாது?

பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பது மார்க்கத்தில் கூடாது. இலவசமாகக் கொடுப்பதற்கும் அதே அளவுகோல்தான்.

டேலி, அடோபி நிறுவனத்தின் ஃபோட்டோஷாப், உருது அச்சுக்கோப்புக்குப் பலரும் பயன்படுத்தும் இன்பேஜ் ஆகியவை லினக்ஸுக்காக எழுதப்பட்டவை அல்ல. லினக்ஸில் நேரடியாக ஓடாது. மைக்ரோசாஃப்ட் வேர்டு கோப்புகள் லிப்ரே ஆஃபிஸில் திறக்கும், ஆனால் சில நேரங்களில் வரிகளும் அட்டவணைகளும் இடம் மாறும். சமர்ப்பிக்க வேண்டியதைப் பி.டி.எஃப் ஆக்கிவிடுவது நல்லது. சில பழைய பிரின்டர்களும் முரண்டு பிடிக்கும்.

இன்னொன்று: இயங்குதளம்தான் இலகுவானது, இணையதளங்கள் அல்ல. 2 ஜிபி கணினியில் பத்துப் பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் எந்த லினக்ஸும் திணறும். மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கைமாற்றும் முன் ஓர் எச்சரிக்கை

பழைய கணினியைக் கொடுத்துவிடவோ விற்கவோ முடிவு செய்தால், அதற்குள் இருக்கும் குடும்பப் படங்களை எண்ணிப் பாருங்கள். 'டெலீட்' செய்தால் கோப்பு அழிவதில்லை, பட்டியலிலிருந்து பெயர்தான் நீங்குகிறது. மீட்டெடுக்கும் மென்பொருளால் திரும்ப எடுத்துவிடலாம். நம் வீட்டுப் பெண்களின் திருமணப் படங்கள் யாரோ ஒருவர் கைக்குப் போகலாம். லினக்ஸின் 'டிஸ்க்ஸ்' என்ற கருவியில் ஹார்டு டிஸ்க் முழுவதையும் பூஜ்யங்களால் மேலெழுதும் வசதி உண்டு. பல மணி நேரம் எடுக்கும், இரவில் ஓடவிட்டுவிடுங்கள். கணினியே இயங்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். அதையும் குப்பையில் வீசாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். உள்ளே ஈயம் முதலான நச்சுப் பொருட்கள் இருக்கின்றன.

தனியாக முடியாததை ஜமாஅத்தாக

இதில் இயங்குதளத்தை நிறுவுவது எளிது. அடுத்த மாதம் ஏதாவது நின்றுபோனால் யாரைக் கேட்பது என்பதே கடினம். கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் நடப்பதற்குக் காரணம், ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்ததுதான். தமிழில் 'கணியம்' 2012 முதல் இத்தகைய பாடங்களை இலவசமாகத் தந்து வருகிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் உண்டு. கேட்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் கணினி தெரிந்த இரண்டு இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு மக்தப் அறையில் உட்கார்ந்தால் போதும். வீடுகளில் தூங்கும் கணினிகள் வரும், டிஸ்க் துடைக்கப்படும், லினக்ஸ் ஏறும், தேவைப்படும் பிள்ளையின் கைக்குப் போகும். வீண்விரயமும் குறையும்.

அந்தத் தாயின் கணினிக்கு வருவோம். நம் பகுதிக் கல்லூரி மாணவர் ஒருவர் அதில் லுபுண்டு நிறுவிக் கொடுத்தார். பேட்டரி போய்விட்டதால் மின்இணைப்பில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பாடக் குறிப்பு, இணையவழி வகுப்பு, ஒப்படைப்பு எல்லாம் அதில் நடக்கின்றன. டேலி மட்டும் இல்லை. அதற்கு மகள் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு முடிந்து கல்லூரிக் கணினி அறையில் ஒரு மணி நேரம் தங்குகிறார். "வீட்டுக்கு வர லேட்டாகுது ஹஜ்ரத், ஆனா கடன் இல்ல" என்றார் தாய். அல்ஹம்துலில்லாஹ்.