கூட்டு நிகழ்பட ஆட்டங்களில் ஏமாற்றும் தண்டனையும்

கூட்டு நிகழ்பட ஆட்டம் என்பது ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்க்காமல் ஓரணியாகச் சேர்ந்து, கணினி இயக்கும் எதிரிகளை வெல்ல முயலும் ஆட்ட வகை ஆகும். இவ்வாட்டங்களில் விதிகளை மீறியோ, மென்பொருளின் வழுக்களைப் பயன்படுத்தியோ நன்மை அடைவது ஏமாற்று எனப்படுகிறது. போட்டி ஆட்டத்தில் ஒருவர் ஏமாற்றினால் இழப்பு எதிரணிக்கு என்பது வெளிப்படை. கூட்டு ஆட்டத்தில் தோற்பது கணினி மட்டுமே. ஆகவே பாதிக்கப்பட்டவர் யார், தண்டிக்கப்பட வேண்டியவர் யார் ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் இங்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

பாதிக்கப்படுபவர் யார்

ஒரே வீட்டில் அமர்ந்து ஆடும் இருவர் உடன்பட்டு விதியைத் தளர்த்திக்கொண்டால் அதனால் எவருக்கும் கேடில்லை. 1988 இல் நின்டெண்டோ ஆட்டப்பெட்டிக்கு வெளிவந்த கான்ட்ரா ஆட்டத்தில், குறிப்பிட்ட பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் 30 உயிர்கள் கிடைக்கும். இவ்வழியை ஆட்டத்தை உருவாக்கியவர்களே வைத்திருந்தனர். இருவர் சேர்ந்து ஆடக்கூடிய அவ்வாட்டத்தை இக்குறியீடு இல்லாமல் முடித்தவர்கள் குறைவு எனலாம்.

இணையவழி ஆட்டங்கள் பரவிய பின்னர் நிலைமை மாறியது. 1996 இன் இறுதியில் பிலிசார்ட் நிறுவனம் வெளியிட்ட டயாப்லோ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். இவ்வாட்டத்தில் நால்வர் வரை இணையம் வழியாகச் சேர்ந்து ஆட முடிந்தது. ஆனால் கதைமாந்தர் பற்றிய தரவுகள் ஆட்டக்காரரின் சொந்தக் கணினியிலேயே சேமிக்கப்பட்டன. தன் கணினியில் உள்ள கோப்பை மாற்றுவது கடினமான செயல் அன்று. விரைவிலேயே வாள்களும் கவசங்களும் படியெடுக்கப்பட்டுப் பெருகின. பல வாரங்கள் ஆடி ஓர் அரிய வாளைத் தேடியெடுத்தவரின் முன் அதே வாளை வேறொருவர் இலவசமாகத் தரையில் எறிந்துவிட்டுப் போக முடிந்தது. பெற்றவர் எதையும் இழக்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் அவருடைய உழைப்பின் மதிப்பு போய்விட்டது. நல்லெண்ணத்துடன் தரப்பட்ட பரிசும் இங்கு கேடாகவே அமைந்தது.

2000 இல் வெளிவந்த டயாப்லோ 2 இல், மூடிய தளத்தில் ஆடுவோரின் தரவுகள் நிறுவனத்தின் வழங்கிகளிலேயே வைக்கப்பட்டன. அதன் பின்னரும் பொருட்களைப் படியெடுக்கும் வழுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன என்றாலும், ஆட்டக்காரரின் கணினி அனுப்பும் தரவை நம்பக்கூடாது என்பது இணைய ஆட்ட வடிவமைப்பின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக நிலைபெற்றது.

என்சிடியா நிகழ்வு

கூட்டு ஆட்டத்தில் தண்டனையின் நியாயம் பற்றி மிகுதியாக விவாதிக்கப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்று 2010 பெப்ரவரியில் வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் ஆட்டத்தில் நடந்தது. லிச் கிங் என்னும் இறுதி எதிரியை 25 பேர் கொண்ட அணியாக உலகில் முதலில் வெல்வதற்குப் பல குழுக்கள் முயன்றன. என்சிடியா என்னும் ஐரோப்பியக் குழு முதலில் வென்றதாக அறிவித்தது.

இச்சண்டை உயரமான ஒரு மேடையின் மீது நடைபெறும். சண்டையின் போக்கில் மேடையின் ஓரங்கள் இடிந்து விழுந்துவிடும். சிறகுள்ள எதிரிகள் ஆட்டக்காரர்களைத் தூக்கிச் சென்று விளிம்புக்கு வெளியே போடும். அவற்றை உரிய நேரத்தில் கொல்வதே சண்டையின் கடினமான பகுதி. என்சிடியா உறுப்பினர் ஒருவர் சாரோனைட் குண்டு என்னும் பொருளைப் பயன்படுத்தினார். இது ஆட்டத்தில் எவரும் முறையாகப் பெறக்கூடிய, தாக்குதலைக் கூட்ட உதவும் சாதாரணப் பொருள். ஆனால் ஒரு வழுவின் காரணமாக, குண்டு வெடித்தபோது இடிந்த ஓரங்கள் மீண்டும் தோன்றின. வெளியே போடப்பட்டவர்கள் மேடை மீதே விழுந்து பிழைத்தனர்.

பிலிசார்ட் அந்த வெற்றியையும் அதனால் கிடைத்த பொருட்களையும் பறித்து, குழுவினரின் கணக்குகளை 72 மணி நேரம் முடக்கியது. தடை செய்யப்படாத ஒரு பொருளை வழக்கம்போலவே பயன்படுத்தியதாகவும், வழு நிறுவனத்தினுடையது என்றும் குழுவினர் வாதிட்டனர். இடிந்த தரை மீண்டும் முளைப்பதை அங்கிருந்த அனைவரும் கண்ணால் கண்டிருப்பர் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

இரு வாதங்களிலும் உண்மை உண்டு. இங்கு இரண்டு தண்டனைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது கவனிக்கத்தக்கது. வெற்றியைப் பறித்தது போட்டியிட்ட பிற குழுக்களுக்குச் செய்யப்பட்ட நீதி. அதற்கு யாருடைய நோக்கத்தையும் ஆராய வேண்டியதில்லை. கணக்கை முடக்கியது குற்றத்துக்கான தண்டனை. அதற்கு நோக்கம் தெரிய வேண்டும், அதுவும் ஒவ்வொருவருடைய நோக்கமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். குண்டை எறிந்தவர் ஒருவர், முடக்கப்பட்டது அணி முழுவதும். பின்னர் இதே சண்டையின் கடின வடிவத்தை 2010 மார்ச்சில் பின்லாந்தின் பாரகன் குழு முதலில் வென்றது.

ஓராண்டுக்கு முன், 2009 இல், நிறுவன ஊழியர்களுக்கு மட்டுமே உரிய, சுற்றியுள்ள எதிரிகளை ஒரே நொடியில் கொல்லும் சட்டை ஒன்று தவறுதலாக ஓர் ஆட்டக்காரரிடம் சென்று சேர்ந்தது. அதை அணிந்து அவர் தம் குழுவினருடன் பெரும் எதிரிகளை வீழ்த்தினார். அவருடைய கணக்கு தடை செய்யப்பட்டது. தவறு நிறுவனத்தினுடையதே எனினும், இங்கு அறியாமல் செய்ததாகக் கூற இடமில்லை.

தண்டனை முறைகள்

பின்வரும் முறைகள் பெரும்பாலும் அணிக்கு அணி மோதும் ஆட்டங்களில் உருவானவை. வால்வ் நிறுவனம் 2002 இல் அறிமுகப்படுத்திய ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், ஏமாற்றைக் கண்டறிந்தவுடன் தடை விதிக்காமல் காலந்தாழ்த்துகிறது. உடனே தடுத்தால் எந்தச் செயல் பிடிபட்டது என்பதை ஏமாற்று மென்பொருளை எழுதுபவர் அறிந்துகொள்வார் என்பதே காரணம். இத்தாமதத்தின் விலையை நேர்மையான ஆட்டக்காரர்களே செலுத்துகின்றனர்.

குற்றமற்றவர் தண்டிக்கப்படாமல் இருக்க வலுவான சான்று தேவை. 2023 பெப்ரவரியில் டோட்டா 2 ஆட்டத்தில், இயல்பாக ஆடும்போது ஒருபோதும் படிக்கப்படாத ஒரு தரவுப் பகுதியை வால்வ் பொறியாக வைத்தது. அதைப் படித்தவை ஏமாற்று மென்பொருட்கள் மட்டுமே. இதன் வழியாக 40,000 இற்கும் மேற்பட்ட கணக்குகள் தடை செய்யப்பட்டன.

2014 இல் வெளிவந்த டைட்டன்பால் ஆட்டத்தில், பிடிபட்டவர்கள் தங்களைப் போன்றவர்களுடன் மட்டுமே ஆடும்படி ஒதுக்கப்பட்டனர். அவர்களுடன் ஒரே அணியாகச் சேரும் நண்பரும் அப்போதைக்கு அங்கேயே அனுப்பப்பட்டார். அணியை விட்டு விலகியதும் அவர் இயல்பான ஆட்டத்துக்குத் திரும்பலாம். கூட்டுத் தண்டனை போலத் தோன்றினாலும் இதில் நண்பருக்குத் தெரிவு உண்டு. அடையாளம் தெரியாதவர்களுடன் கணினியால் சேர்க்கப்பட்ட ஒருவருக்கு அத்தகைய தெரிவு இருப்பதில்லை. எனவே அவரையும் தண்டிப்பதை இதனோடு ஒப்பிட முடியாது.

ஆட்டக்காரர்களே தண்டிப்பது

எர்ன்ஸ்ட் பேர், சைமன் கெக்டர் ஆகிய பொருளியலாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், நால்வர் கொண்ட குழுக்கள் பொது நிதிக்குப் பணம் இடும் ஆட்டத்தை ஆடின. பணம் இடாமல் பயனை மட்டும் பெறுபவரைத் தண்டிக்க விரும்புபவர், தன் கையிலிருந்து ஓர் அலகு செலவிட்டால் அவருக்கு மூன்று அலகுகள் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் குழு மாற்றப்பட்டதால் தண்டித்தவருக்குப் பின்னர் அதனால் ஆதாயம் ஏதுமில்லை. ஆயினும் பலர் தண்டித்தனர், ஒத்துழைப்பும் கூடியது.

பல நகரங்களில் இத்தகைய ஆட்டத்தை நடத்தி 2008 இல் வெளியான மற்றோர் ஆய்வு, சில இடங்களில் நன்றாக ஒத்துழைத்தவர்களும் தண்டிக்கப்பட்டதைக் காட்டியது. அதே ஆண்டு வெளிவந்த லெப்ட் போர் டெட் என்னும் நால்வர் ஆட்டத்தில், வாக்கெடுப்பின் மூலம் ஒருவரை வெளியேற்றும் வசதி இருந்தது. ஏமாற்றுபவர்களையும் இடையூறு செய்பவர்களையும் நீக்க உதவிய இவ்வசதி, ஆடத் தெரியாத புதியவர்களை வெளியேற்றவும், கடைசி நேரத்தில் நண்பருக்கு இடம் பிடிக்கவும் பயன்பட்டது. வெளியேற்றப்பட்டவருக்குக் காரணம் கேட்கும் வாய்ப்பும் இருப்பதில்லை.